அணைந்த அடுப்பில் ஒரு சிட்டிகை விதை

என் தையல் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் சுவர் எப்போதும் சூடாகவே இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் ரொட்டிக்காரரின் அடுப்பு. ஓர் அறை அளவுக்குச் செங்கல்லால் கட்டியது. அவருடைய அப்பா மூட்டிய நாளிலிருந்து அது முழுசாக ஆறியதே இல்லை என்று தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். மழைக்காலத்தில் ஊர்த் துணியெல்லாம் காயாமல் முடை அடிக்கும்போது என்னிடம் தைக்கக் கொடுத்த துணி மட்டும் மொறமொறவென்று இருக்கும். இடுப்பு பிடித்துக்கொண்டால் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவேன். இந்த இடுக்குக் கடையை விட்டு நான் நகராமல் இருப்பதற்கு வேறு காரணம் கிடையாது.

அந்தச் சுவர் போன மழைக்காலத்தில் ஒரே ஒரு நாள் சூடு தணிந்துபோனது. காரணம் ஒரு பூச்செடி. செடிகூட இல்லை, அதன் விதை. அதுவும் ஒரு சிட்டிகை.

அந்த வீட்டில் மூன்று பேர். ரொட்டிக்காரர், அவர் மனைவி, அவருடைய அக்கா. அக்காவைத் தெருவே கல்லாக்காரி என்றுதான் சொல்லும். அவர் கல்லாவில் உட்கார்ந்துவிட்டால் ஈ காக்கைகூடக் கேட்காமல் கடைக்குள் நுழைய முடியாது. மனைவிக்கு நான் வைத்த பெயர் பூக்காரி. அவள் ஒரு பூவைக்கூட விற்றதில்லை, பறித்ததும் இல்லை. வளர்ப்பதோடு சரி.

பின்பக்க பால்கனியில் தொட்டி தொட்டியாக ஆர்க்கிட் செடிகள் தொங்கும். அதில் ஒன்றின் மேல் அவள் உயிரையே வைத்திருந்தாள். யாரோ ஓர் அலுவலகத்துக்காரர்கள் பூ உதிர்ந்ததும் குப்பையோடு தூக்கிப் போட்டதை எடுத்துவந்து தேற்றிய செடி. வருஷக்கணக்கில் இலையை மட்டும் காட்டிப் படுத்தி எடுத்துவிட்டு, ஒருநாள் பூத்தது. வெள்ளை இதழில் செங்கல் நிறப் புள்ளிகள். அவள் ஒவ்வொரு நர்சரியாகப் போய் போட்டோவைக் காட்டினாள். இப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. தீக்குச்சி முனையால் மகரந்தத்தை எடுத்து அவளே வைத்தாள், காயும் பிடித்தது. சுண்டுவிரல் பருமனில் ஒரு பச்சைக் காய். பிள்ளைத்தாய்ச்சியை விசாரிப்பதுபோல தினமும் அதைப் போய் விசாரித்துவிட்டு வருவாள்.

காய் முற்றுகிற சமயத்தில் அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், சில நாள் அங்கே தங்கிவிட்டு வந்தாள். வந்த அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தல். கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

பால்கனியில் செடி கறுத்துக் குழைந்து கிடந்தது. கிட்டே போனால் புளித்த மாவு வாசனை.

"என்னத்த ஊத்துனீங்க? உண்மையச் சொல்லுங்க" என்று பூக்காரி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

ரொட்டிக்காரர் முழங்கை வரை மாவோடு நின்றார். "தண்ணிதாம்மா."

"வெறும் தண்ணியா?"

"மாவுக்குக் கரைச்சதுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. சர்க்கரையும் ஈஸ்ட்டும். செடி பாக்கச் சோர்வா இருந்த மாதிரி இருந்துச்சு. ஒரு தெம்பு வரட்டுமேன்னு..."

"ஒரு நாளா?"

தினமும் ஊற்றியிருக்கிறார் மனுஷன். வேறு எந்த வீட்டு ஆம்பளையும் செய்ய முடியாத தப்பு இது. பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரிந்த உலகம் ஒன்றுதான். சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துக் கதகதப்பாக வைத்தால் எதுவும் எழும்பி வரும். பாசத்தில் செய்ததுதான், யார் இல்லை என்றது? ஆனால் செடி போனது போனதுதான்.

அடுத்த சில நாளில் இலைகள் கழன்று விழுந்தன. காய் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் மஞ்சளடித்து, அவசர அவசரமாக வாயைப் பிளந்தது. பூக்காரி அதன் கீழே வெள்ளைத்தாளை விரித்து வைத்திருந்தாள். தாளில் உதிர்ந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதாடி விதை? மூக்குப்பொடி மாதிரி இருக்கு. ஒரு தும்மல் போட்டா உன் பரம்பரையே காலி."

"தும்மிடாதீங்கக்கா, புண்ணியமாப் போகும்!" என்று இரண்டு கையாலும் தாளை மூடினாள்.

"மண்ணுல தூவிட வேண்டியதுதானே?"

"மண்ணுல வராதுக்கா. நெல்லு, பயறுன்னா உள்ளுக்குள்ளயே கட்டுச்சோறு இருக்கும். இதுக்குள்ள ஒண்ணுமே கிடையாது. நாமதான் ஊட்டணும். பாட்டில்ல சர்க்கரையும் சத்தும் கலந்து, கடல்பாசிப் பொடி போட்டுக் காய்ச்சி உறைய வச்சு, அது மேல தூவணும்."

"அவ்வளவுதானே? ஜெல்லி செய்யற வேலை."

"அதுதான் இல்ல. சர்க்கரை இருக்கிற எடத்துக்குப் பூஞ்சணம் வராம இருக்குமா? விதை கண்ணு முழிக்கிறதுக்குள்ள அது வந்து பந்தியில உக்காந்துரும். அதனால விதைய பிளீச்சிங் பவுடர் தண்ணியில குளிப்பாட்டணும். மேல ஒட்டியிருக்கிற கிருமி அத்தனையும் சாகணும், விதை மட்டும் சாகக் கூடாது."

எல்லாம் போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. விதையை மூன்று பொட்டலமாகப் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்தாள். அந்தப் பூவுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த மூன்று பொட்டலம்தான்.

முதல் பொட்டலத்தை அடுக்களையிலேயே செய்தாள். சர்க்கரை ஜெல்லி ஊற்றிய ஜாம் பாட்டில்களைக் குக்கரில் வேகவைத்து எடுத்து, பிளீச் தண்ணீரில் விதையைக் கொஞ்ச நேரம் குலுக்கி, சிரிஞ்சியால் உறிஞ்சி, ஒவ்வொரு பாட்டிலிலும் விட்டாள். இரண்டு நாளில் பாட்டில்களுக்குள் குமிழ் குமிழாகக் கிளம்பியது. ரொட்டிக்காரர் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, என்னமாப் பொங்கியிருக்கு!"

நான் அவர் காலை மிதித்தேன். அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. பொங்கியது விதை இல்லை, அவருடைய ஈஸ்ட்.

அந்த வீட்டில் ஈஸ்ட் இல்லாத இடம் எது? ரொட்டிக்காரரின் புருவத்தில் மாவு, கதவுக் கொண்டியில் மாவு, அலமாரித் துணியில் மாவு வாசனை. இரண்டாவது பொட்டலத்துக்கு அவள் குளியலறையைத் தேர்ந்தெடுத்தாள். தலையை முக்காடிட்டு, சுவரெல்லாம் பிளீச் அடித்து, போன தடவை போதவில்லையென்று விதையையும் நீண்ட நேரம் ஊறவிட்டாள். இந்தத் தடவை பாதிப் பாட்டில்களில் மறுபடியும் பொங்கல். மீதிப் பாட்டில்கள் கண்ணாடி மாதிரி சுத்தம். நாங்கள் அந்தச் சுத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தோம். வாரங்கள் போயின. மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. விதையெல்லாம் உப்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"அதிகமா ஊற விட்டுட்டேன்க்கா. கிருமியோட சேத்து எல்லாத்தையும் நானே கொன்னுட்டேன்."

அதற்குப் பிறகு அவள் ஃபிரிட்ஜ் பக்கமே போகவில்லை. கடைசிப் பொட்டலம் வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. பேச்சுக் குறைந்தது. காலையில் நான் காப்பிக்குப் போனால் தம்ளரை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கலகலவென்று இருந்தவள் அப்படி வாடி நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ரொட்டிக்காரரோ பாதிச் சோற்றிலேயே எழுந்துவிடுவார்.

ஒரு மத்தியானம் நாலு பேரும் அடுக்களையில் இருந்தோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கல்லாக்காரி தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

ரொட்டிக்காரர் தட்டில் கையை வைத்தபடி சொன்னார். "ஈஸ்ட்டு இல்லாத எடம் ஒண்ணு இருக்கு."

பூக்காரி திரும்பவில்லை. "எங்க? ஆஸ்பத்திரியிலயா?"

"நம்ம அடுப்புக்குள்ள. அங்க போனா எந்த ஈஸ்ட்டும் பொழைக்காது. அது செத்தாத்தான் ரொட்டியே."

"விதையும் ரொட்டி ஆயிடும்."

"ஆற விட்டா?"

கல்லாக்காரியின் கையிலிருந்து தட்டு நழுவித் தரையில் சுழன்று சுழன்று அடங்கியது.

"எதடா ஆற விடப் போற?"

"அடுப்பத்தான்க்கா. கதவச் சாத்தி, மண்ணு பூசி, அப்படியே ஆற விட்டா உள்ள ஒரு பூச்சி பொட்டு இருக்காது. கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் இவ உள்ள கைய விட்டுச் செய்யட்டும்."

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? அப்பா என்ன சொல்லிட்டுப் போனாரு? ஆறுன அடுப்ப மறுபடி மூட்டினா மேல் வளைவுல விரிசல் விழுந்துரும்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"விரிசல் விழுந்தா?"

"பூசுவேன்."

"பூச முடியலைன்னா?"

"புதுசாக் கட்டுவேன்."

"ஒரு செத்த செடிக்காக, நம்ம மூணு பேருக்கும் சோறு போடற அடுப்ப..."

"அக்கா, அந்தச் செடியக் கொன்னவன் நான்." ரொட்டிக்காரரின் குரல் உடைந்துவிட்டது. "அவ ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும்."

பூக்காரி ஜன்னலை விட்டுத் திரும்பி அவரையே பார்த்தாள். கல்லாக்காரி குனிந்து தட்டை எடுத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"என்னமோ பண்ணுங்க. என்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானத்தோடு விறகு போடுவதை நிறுத்தினார்கள். தீ அடங்கியதும் ரொட்டிக்காரர் சாம்பலை வழித்து, தளத்தைப் பெருக்கி, கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் களிமண் அப்பினார். எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். அடுப்பு வாயை மூடுகிற மாதிரி, மேஜைக்கு விரிக்கும், உள்ளே இருப்பது தெரிகிற தடித்த பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு திரை. நடுவில் கைவிட இரண்டு சட்டைக் கை, மணிக்கட்டில் எலாஸ்டிக்.

"எத்தனையோ ஜாக்கெட் தைச்சிருக்கேன். உடம்பே இல்லாத ஜாக்கெட் இது ஒண்ணுதான்" என்றேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் பூக்காரி சிரித்தாள்.

அடுத்த நாள் கடையைத் திறந்து மெஷினில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் முதுகைச் சாய்த்தேன். திடுக்கிட்டுவிட்டேன். சுவர் முழுசாகச் சில்லிடவில்லை, ஆனால் அதன் சூடு விலகிப் போய்க்கொண்டே இருந்தது. ஜுரம் விட்ட உடம்பு மாதிரி இருந்தது. தெருவில் ரொட்டி வாசனை இல்லை. மழை ஈரத்தின் வாசனை மட்டும் இருந்தது. எனக்கே மெஷினில் உட்கார முடியவில்லை என்றால், அந்த வீட்டுக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

நான் போனபோது கல்லாக்காரி கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாடிக்கையாளர் குடையை மடக்கிக்கொண்டே, "என்னக்கா, கண்ணாடிப் பெட்டி காலியா இருக்கு?" என்றார்.

"அடுப்புக்கு உடம்பு சரியில்ல. நாளைக்கு வாங்க."

"கதவாவது திறந்து வைங்களேன், மழைக்கு ஒதுங்கிக்கறேன்."

"காத்து உள்ள போகக் கூடாது. எதிர்க் கடையில ஒதுங்குங்க."

எதுவும் கேட்காதே என்று சொன்னவர்தான். யாரும் கேட்காமலே வாசலைக் காத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ரொட்டிக்காரர் தலையோடு குளித்து, புதுச் சட்டை போட்டு, துண்டால் மூக்கையும் வாயையும் கட்டியிருந்தார். களிமண்ணை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கதவை ஒரு சாண் திறந்து கையை நீட்டிப் பார்த்தார். "பொறுக்குது. வெந்நீர் மாதிரிதான் இருக்கு."

பூக்காரி ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தாள்.

"ஐயோ, அத வை! செங்கல்லுக்குள்ள இன்னும் சூடு இருக்கும். குப்புனு புடிச்சுக்கும்."

அவள் சட்டென்று கீழே வைத்துவிட்டு, பிளீச் தண்ணீரையே எல்லாவற்றின் மேலும் தெளித்தாள். ரொட்டி இழுக்கிற நீளமான கட்டைத் துடுப்பில் ஜெல்லி பாட்டில்கள், சிரிஞ்சி, பிளீச்சும் காய்ச்சிய தண்ணீரும் இருந்த பாட்டில்கள், விதைக்குப்பி, டார்ச் லைட் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து அவர் உள்ளே தள்ளினார். வாழ்நாளெல்லாம் ரொட்டி தள்ளின கை, ஒரு பாட்டில்கூட ஆடவில்லை. உடனே திரையை மாட்டினோம். தூசி அடங்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

பிறகு பூக்காரி இரண்டு கையையும் உள்ளே விட்டாள். அடுப்பு வாயில் முகத்தை வைத்து, திரை வழியாக டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தபடி, கடைசிப் பொட்டலத்து விதை இருந்த குப்பியில் பிளீச் தண்ணீரை ஏற்றினாள். விதை நனைந்து இறங்குவதற்கு ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர். மூடியைப் போட்டுக் குலுக்க ஆரம்பித்தாள். விதை தேயிலைத்தூள் நிறத்தில் சுழன்றது.

ரொட்டிக்காரர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். நிறம் பார்ப்பது அவர் தொழில் அல்லவா? வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் போகட்டும்மா. அவசரப்படாத."

"சும்மா இருங்க."

"நிறம் இன்னும் வரலையே."

"உங்க ரொட்டி நிறம் ஏறினா வெந்துச்சுன்னு அர்த்தம். இது நிறம் இறங்கினா போதும்னு அர்த்தம். முழுசா இறங்கிட்டா பொணம்."

குலுக்கிக்கொண்டே இருந்தாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. நான் துடைத்துவிட்டேன். குப்பிக்குள் பழுப்பு மெல்ல விலகி, பால் அதிகமாக ஊற்றின டீ மாதிரி வந்தது. எனக்கு இன்னும் கொஞ்சம் என்று தோன்றியது. அவருக்கும் அப்படித்தான், வாயைத் திறந்தார். அதற்குள் அவள், "போதும்!" என்றாள். அந்தச் சொல்லில் சந்தேகமே இல்லை. கிடுகிடுவென்று பிளீச்சை வடித்தாள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசினாள். சிரிஞ்சியில் உறிஞ்சி, ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து, விட்டு, மூடினாள். கடைசி மூடியைத் திருகியதும் கையை வெளியே எடுக்காமலே அடுப்பு வாயில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். கல்லாக்காரியின் குரல் தெருவையே அதிர வைத்தது.

"உள்ள பிரசவம் நடக்குது! அப்புறம் வாங்க!"

அன்றைக்குச் சாயங்காலமே அடுப்பை மூட்டினார்கள். சுள்ளி சுள்ளியாக வைத்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, துளித் துளியாக ரொட்டிக்காரர் சூடேற்றினார். நான் என் கடைக்கு வந்து சுவரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இளஞ்சூடு வர ஆரம்பித்த நேரத்தில் 'டப்'பென்று ஒரு சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

ரொட்டிக்காரர் விளக்கைத் தூக்கி அடுப்பின் வளைவைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாக்காரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் இல்லக்கா. ஒரு மயிரிழை கூட இல்ல."

"அப்ப சத்தம்?"

சத்தம் என் பக்கத்தில். மெஷினுக்கு மேலே சுவர்ப் பூச்சில் கோணல்மாணலாக ஒரு கோடு விழுந்திருந்தது. பூசித் தருகிறேன் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

பாட்டில்களைப் பூக்காரி அடுப்பறையிலிருந்து தூரமாக, மாடி அலமாரியில் வைத்தாள். முதல் இரண்டு நாள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவே பயந்தோம். பொங்கவில்லை. ஒரு வாரம் போனது. பூஞ்சணம் நூல் கட்டவில்லை, கறுக்கவில்லை. கண்ணாடி மாதிரி சுத்தம். அதுதான் எனக்குப் பயம். போன தடவையும் இப்படித்தானே ஏமாந்தோம்?

மழை விட்டு வெயில் திரும்பியது. ஒருநாள் காலையில் நான் ஒரு பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தபோது சுவரில் தொம் தொம்மென்று யாரோ கையால் குத்தினார்கள்.

"தையலக்கா! தையலக்கா! ஓடி வாங்க!"

மாடியில் பூக்காரி ஒரு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஜெல்லியின் மேல் கடுகை விடச் சின்னதாக, பச்சைப் பச்சையாக, உருண்டை உருண்டையாக. ஒன்றல்ல, இரண்டல்ல, எண்ணவே முடியாது. ஒவ்வொரு பாட்டிலிலும் இருந்தது.

"வந்துருச்சாடி?"

"வந்துருச்சுக்கா!"

அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோமா சிரித்தோமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ரொட்டிக்காரர் மாவுக் கையோடு மாடிப்படி ஏறி வந்து, வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரப் பயம்.

"வாங்க" என்றாள் அவள். மூடி இறுக்கியிருந்த பாட்டில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இது உங்களுது. உங்களையே நம்பிக் குடுக்கறேன். ஒண்ணே ஒண்ணுதான், எதையும் ஊத்தக் கூடாது."

அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அன்றைக்குப் பொங்கலைப் பார்த்து மலர்ந்த அதே முகம்தான். கண் மட்டும் நிரம்பி வழிந்தது. துடைக்கப் போனவர் கன்னமெல்லாம் மாவைப் பூசிக்கொண்டார்.

அந்த வாரமே பாட்டில்கள் கடைக்கு இறங்கிவிட்டன. கண்ணாடிப் பெட்டியின் மேல்தட்டில், பன்களுக்கு மேலே, வரிசையாக. வைத்தது யார் என்கிறீர்கள்? கல்லாக்காரிதான். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி வைத்துக் கதை சொன்னார். "எங்க அடுப்புல பொறந்தது. தொடாதீங்க, பாத்துட்டுப் போங்க."

ஒருநாள் நான் ரொட்டி வாங்க நின்றபோது பூக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டார். "இதெல்லாம் எப்ப பூக்கும்?"

"நாலஞ்சு வருஷம் ஆகும் அண்ணி."

"பூத்தப்புறம் காய் பிடிக்க?"

"அது ஒரு வருஷம்."

கல்லாக்காரி எனக்கு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொடுத்துக்கொண்டே யோசித்தார்.

"சரி. காய் வெடிக்கறதுக்கு முந்தின நாளே சொல்லிடு. ஜனங்ககிட்ட ரொட்டி இல்லைன்னு முன்கூட்டியே சொல்லணும். அடுப்ப அணைக்கணும்ல?"